போர்வீரன் உருவும் பொருநைக்கரைச் சித்தாந்தமும்

இணையத்தின் வழியே பலர் ஒரே காலத்தில் புகுந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஆடுபவர் எந்த உடலோடும் எந்த ஆற்றலோடும் அவ்வுலகில் உலவப் போகிறார் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். போர்த்தொழிலின் வகையை ஆடுவோர் ‘கிளாஸ்’ என்பர். வில்லும் மந்திரமும் கொண்டு தொலைவில் நின்று தாக்கும் வகைகள் ஒருபுறம் இருக்க, வாளும் கோடரியும் தடியும் ஏந்தி எதிரியின் கைக்கெட்டும் தொலைவுக்குள் நுழைந்து பொரும் வகைக்கு ‘மெலீ’ என்று பெயர். இக்கட்டுரை அதனை அணுக்கப் போர் என்று குறிக்கும். வகையைத் தேர்ந்த பின், ஒவ்வொரு படிநிலையிலும் கிடைக்கும் அளவான புள்ளிகளை வலிமைக்கோ விரைவுக்கோ அடி தாங்கும் திறனுக்கோ பகிர்ந்து ஒரு வீரனை உருவாக்கும் ஏற்பாடு ‘பில்டு’ எனப்படும். பொழுதுபோக்கின் நுணுக்கம் என்றே பெரும்பாலும் கருதப்படும் இவ்வேற்பாட்டுக்குள், தமிழ்ச் சமய மரபுகள் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட வினா ஒன்று அடங்கியிருக்கிறது. உயிர் தன் உடலைத் தேர்ந்ததா, அன்றி உடல் அதற்குக் கூட்டப்பட்டதா? கூட்டப்பட்டதாயின், அவ்வுடலால் நிகழும் செயலுக்கு உயிர் எவ்வளவில் பொறுப்பு?

இவ்வினாவைப் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் வைத்து ஆராய்வது பொருந்தும். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே ஆற்றின் வடகரையில் அமைந்த முக்கூடல் இன்று பீடித்தொழிலால் அறியப்படும் பேரூர். ஆயினும் அதன் கிழக்கிலும் மேற்கிலுமாக அதே ஆற்றங்கரையில் தழைத்த மரபுகள் உயிர், உடல், வினை ஆகியவற்றைப் பற்றி மிக ஆழமாகப் பேசியவை. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள குருகூர் நம்மாழ்வாரின் ஊர். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரரின் ஊர். மேற்போக்கில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரம், மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை கண்டு 1785 இல் மறைந்த சிவஞான முனிவர் பிறந்த ஊர். உடலும் அகக்கருவிகளும் உயிருக்கு எதற்காகக் கூட்டப்படுகின்றன என்பதை அவர் அளவுக்குப் படிப்படியாக, ஐயத்தை எழுப்பி எழுப்பி விடுத்து, விளக்கியவர்கள் தமிழில் மிகச் சிலரே. ஆதலின் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவது பெரிதும் அவர் நிலைநாட்டிய சைவ சித்தாந்தமே ஆகும்.

முதலில் விளையாட்டில் நிகழும் தேர்வின் இயல்பை அறிய வேண்டும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டையாப்லோ 2’ என்னும் விளையாட்டில், பார்பேரியன் என்ற அணுக்கப் போர்வீரன் ஒவ்வொரு படி உயரும்போதும் ஐந்து பண்புப் புள்ளிகளையும் ஒரு திறன் புள்ளியையும் பெறுகிறான். பண்புகள் வலிமை, லாவகம், உயிர்த்திறம், மந்திர ஆற்றல் என நான்கு. திறன்களோ போர் நுணுக்கம், படைக்கலத் தேர்ச்சி, போர் முழக்கம் என மூன்று கிளைகளாகப் பிரிந்தவை. வாள்தேர்ச்சியில் புள்ளிகளைக் கொட்டியவன் பின்னர்க் கோடரியை எடுத்தால் அத்தேர்ச்சி அவனுக்குக் கைகொடுக்காது. 2004 இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் தொடக்கக் காலத்தில், ‘வாரியர்’ என்னும் வீரனுக்குப் படைக்கலத் திறம், வெறியாட்டு, காப்பு என்று சொல்லத்தக்க மூன்று கிளைகள் இருந்தன. பத்தாம் படி முதல் அறுபதாம் படி வரை படிக்கு ஒன்றாக அவன் பெறுபவை 51 புள்ளிகள்; ஒரு கிளையின் உச்சித் திறனை எட்டுவதற்கு 31 புள்ளிகள் வேண்டியிருந்தமையால், இரு கிளைகளின் உச்சியை ஒருசேர எட்டுதல் எவ்வீரனுக்கும் இயலாததாயிற்று. இக்கணக்கு தற்செயலாக அமைந்ததன்று. எல்லாத் திறனும் கைவந்த ஒரு வீரனைப் படைக்க இடம் தந்திருந்தால் அங்கே தேர்வு என்ற ஒன்றே இராது. யாவரும் காலப்போக்கில் ஒரே உருவினராய் முடிந்திருப்பர்.

இடம் தராத நிலையிலும் அத்தகைய ஒருமை வந்து சேர்ந்தது என்பது கவனத்துக்குரியது. டையாப்லோ 2 இல் தேர்ந்தவர்களிடையே நிலைபெற்ற வழக்கு இது: வலிமைக்குக் கவசமும் படைக்கலமும் ஏந்தப் போதுமான அளவு, லாவகத்துக்குக் கேடயத்தால் தடுக்கப் போதுமான அளவு, மந்திர ஆற்றலுக்கு ஒன்றுமில்லை, எஞ்சியவை அனைத்தும் உயிர்த்திறத்துக்கு. நான்கு வாயில்கள் திறந்திருந்தும், கணக்கு அறிந்தோர் ஏறக்குறைய ஒரே வாயிலின் வழியாகவே சென்றனர். இவ்வாறு அவ்வக்காலத்தில் மிகுபயன் தருவதாகப் பலரும் ஒப்புக்கொண்ட வழியை ஆடுவோர் ‘மெட்டா’ என்பர். புள்ளிகளை இடும் கை ஆடுபவருடையதே எனினும், எங்கே இடுவது என்பதை எண்களே முன்னரே முடிவு செய்துவிட்டதாக இந்நிலையைக் கொள்ள முடியும்; விருப்பத்தின் வடிவில் வந்து நிற்கும் கட்டாயம் என்றும் இதனைச் சொல்லலாம்.

கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் இடைப்பட்ட இவ்வழக்கு விளையாட்டின் வரலாற்றிலேயே பதிந்துள்ளது. இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலமான ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரால் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டபோது, வலிமை, அறிவு முதலிய ஆறு பண்புகளின் அளவும் மூன்று தாயக்கட்டைகளை உருட்டியே பெறப்பட்டன. வந்த எண்ணை ஏற்று, அதற்கு இசைந்த தொழிலைத் தேடுவதே ஆடுபவரின் கடமையாக இருந்தது. பின்னரே, யாவருக்கும் சமமான புள்ளிகளைக் கொடுத்து அவரவர் விருப்பம்போல் பகிர்ந்துகொள்ள விடும் முறை பரவியது. இணைய விளையாட்டுகள் பலவும் இப்பின்னைய முறையின் வழியில் வந்தவை. அறத்துப்பாலின் முடிவில் 38 ஆம் அதிகாரமாக ஊழை வைத்து, அதன் வன்மையை விட்டுக்கொடுக்காமல் உரைத்த வள்ளுவர், 62 ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்து முயற்சியின் வன்மையையும் அதே உறுதியோடு உரைத்தார். உரையாசிரியர்களை நெடுங்காலம் உழைக்க வைத்த இம்முரண், தாயக்கட்டையிலிருந்து புள்ளிப் பங்கீட்டுக்கு விளையாட்டு நகர்ந்ததால் தீர்ந்துவிடவில்லை. உருட்டலின் இடத்தில் ‘மெட்டா’ வந்து அமர்ந்தது, அவ்வளவே.

இவ்விடத்தில் ஆசீவகரை நினைவுகூர வேண்டும். மற்கலி கோசாலரின் வழிவந்த இவர்கள், உயிர்க்கு வருவன யாவும் நியதியால் முன்னரே வரையறுக்கப்பட்டவை என்றும், முயற்சியால் அவற்றுள் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்றும் கொண்டனர். வடநாட்டில் இவர்களுடைய நூல்கள் அழிந்தொழிந்த நிலையில், மணிமேகலையும் நீலகேசியும் சிவஞானசித்தியாரின் பரபக்கமும் மறுப்பதற்காகவேனும் இவர்களுடைய கொள்கையை எடுத்துரைத்துக் காத்தன என்பது தமிழுக்குரிய பெருமைகளுள் ஒன்று. விளையாட்டின் எண்கணக்கு எல்லாத் தேர்வையும் முன்னரே செய்துவிட்டது என்போர், தாம் அறியாமலேயே ஆசீவகருக்கு அருகில் நிற்கின்றனர். சித்தாந்தம் நியதியை மறுக்கவில்லை; அதனை ஒரு முதல்வன் நிலையிலிருந்து இறக்கி, உயிருக்கு உதவும் கருவிகளுள் ஒன்றாக வைத்தது. இம்மாற்றம் எத்துணைப் பெரியது என்பதை உணர்ந்தால், வீரனின் உருவைத் தேர்தல் பற்றிய வினாவும் வேறு வடிவம் பெறும்.

சித்தாந்தத்தின்படி உயிர் தொடக்கமற்ற காலம் முதலே ஆணவம் என்னும் மலத்தால் மூடப்பட்டுள்ளது. மூடப்பட்ட அந்நிலையில், இயல்பாகவே தனக்குள்ள விழைவும் அறிவும் செயலும் தலைகாட்டாமல், ஒன்றையும் விரும்பவோ அறியவோ செய்யவோ மாட்டாததாய்க் கிடக்கிறது. அதனை எழுப்புவதற்காக இறைவன் மாயையிலிருந்து நான்கினைக் கூட்டுகிறான்: உடலாகிய தனு, மனம் முதலிய அகக்கருவிகளாகிய கரணம், வாழும் உலகாகிய புவனம், நுகரப்படும் பொருளாகிய போகம். விளையாட்டை அறிந்தவர் இந்நான்கையும் உடனே அடையாளம் காண்பர். பாத்திரத்தின் உடல், அதன் திறன்கள், அது உலவும் உலகம், அது பெறும் இன்பதுன்பங்கள் என்ற நான்குமின்றி எந்தப் பாத்திரமேற்பு விளையாட்டும் இல்லை. ஆயினும் இவ்வொப்புமை மேலோட்டமானது. அதனினும் உள்ளே செல்வது ‘கஞ்சுகம்’ பற்றிய கொள்கை.

சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களுள் வித்தியா தத்துவங்கள் ஏழு. அவற்றுள் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் ஆகிய ஐந்தும் உயிருக்குச் சட்டைபோல் அமைதலின் பஞ்ச கஞ்சுகம் எனப்பட்டன. கலை, ஆணவத்தின் மறைப்பை ஒரு சிறிது விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புவது. வித்தை அவ்வாறே அறிவாற்றலை எழுப்புவது. அராகம் குறித்த ஒரு பொருளின்பால் விழைவை எழுப்புவது. காலம், நுகர்ச்சியை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது. நியதி, அவரவர் செய்த வினையின் பயன் பிறரிடம் சென்று சேராமல் அவரவரையே சேருமாறு நிறுத்துவது. இவை ஐந்தும் எல்லைகள். அதே வேளையில் உதவிகள். கலை ஆணவத்தை முழுவதும் விலக்குவதில்லை, ஒரு பகுதியையே விலக்குகிறது. எனினும் அப்பகுதி விலகியதால்தான் உயிரால் ஒரு விரலையேனும் அசைக்க முடிகிறது. கதிரவன் தோன்றும் வரை இருளில் விளக்கொளி உதவுவதுபோல், பேரறிவு விளங்கும் வரை மாயையின் கருவிகள் உயிருக்கு உதவும் என்று ஆசிரியர்கள் விளக்குவர். விளக்கின் ஒளி ஓர் அறையைத் தாண்டாது என்பது உண்மையே; ஆனால் அந்த அறையில் நடக்க அது போதும்.

இக்கொள்கையின் ஒளியில், 51 புள்ளிகளின் எல்லை வேறுபட்டுத் தோன்றுகிறது. இளம் ஆட்டக்காரர்கள் பலரும் புள்ளிகளின் பற்றாக்குறையை ஒரு பறிப்பாகவே உணர்கின்றனர். காப்பைத் தேர்ந்ததால் வெறியாட்டை இழந்ததாகவும், கேடயத்தை ஏந்தியதால் இருகை வாளை இழந்ததாகவும் கணக்கிடுகின்றனர். வரையறை வந்த பின்னரே செயல் என்பது தொடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் நிலைப்பாடு. புள்ளி ஒன்றும் இடப்படாத பாத்திரம் எல்லா வீரனாகவும் ஆகக்கூடியது. ஆனால் அது எந்த வீரனும் அன்று, அதனால் எந்த எதிரியையும் எதிர்கொள்ள இயலாது. கேவலம் என்னும் அறியாமை நிலையில் கிடக்கும் உயிரைப் பற்றி மாபாடியம் பேசும்போது, அந்நிலையைக் கட்டற்ற விடுதலையாக எவரும் பிறழ உணராதபடி அது காக்கிறது. எதனோடும் சேராமை அங்கே முழு இருள். உடலும் கருவியும் கூடிய சகலம் என்னும் நிலை குறைபாடுடையதாயினும், உயிர் உய்வதற்கான வழி அதன் ஊடாகவே செல்கிறது. சமய நூல்கள் உடலை எப்போதும் இழித்தே பேசின என்ற பொதுக் கருத்து, குறைந்தது இந்த ஒரு மரபைப் பொறுத்தவரை, அதன் அடிப்படையையே அறியாத கருத்தாகும்.

இனி, ஒப்புமை முறியும் இடத்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும். சித்தாந்தத்தில் வினை முன்னது, உடல் பின்னது; முன் செய்த வினைகளின் தொகுதியாகிய சஞ்சிதத்திலிருந்து இப்பிறவியில் நுகர்தற்கென முதிர்ந்த பகுதி பிராரத்தம்; அதனை நுகர்வதற்கு ஏற்ற உடலே வந்து பொருந்தும். விளையாட்டிலோ உடல் முன்னது. எச்செயலும் செய்யாத, இறந்தகாலமே இல்லாத ஒரு பாத்திரத்தை ஆடுபவர் அமர்ந்து எண்ணித் தேர்கிறார். ஆதலின் வினையற்ற பிறவி ஒன்றை விளையாட்டு உண்டாக்கியிருப்பதாகத் தோன்றலாம். அவ்வாறன்று என்பதே நுணுகி நோக்குவார்க்குப் புலப்படும். பாத்திரத்துக்கு இறந்தகாலம் இல்லை எனினும், தேர்பவருக்கு உண்டு. ஒருவர் தொலைவில் நின்று எய்யும் வில்லாளியை விடுத்து நெருங்கிச் சென்று மோதும் வீரனை விரும்புவதும், இன்னொருவர் அதே வீரனுள் அடிப்பவனை விடுத்து அடி தாங்குபவனை விரும்புவதும், எண்கணக்கு ஒன்றால் மட்டும் விளங்குவன அல்ல. கணக்கு சமமாக இருக்கும் இடங்களிலும், சில வேளை கணக்கு எதிராக இருக்கும் இடங்களிலும் விழைவு ஒருபுறம் சாய்கிறது. அச்சாய்வையே சித்தாந்தம் அராகம் என்றது. அது பாத்திரத்தோடு பிறப்பதன்று, ஆடுபவரோடு வந்து பாத்திரத்தில் ஏறுவது.

ஏறிய பின் நிகழ்வதுதான் இவ்வாராய்ச்சியில் மிகச் செறிவான பகுதி. திரையில் பாத்திரம் வீழும்போது ஆடுபவர் ‘அவன் செத்துவிட்டான்’ என்பதில்லை. ‘செத்துட்டேன்’ என்றே சொல்கிறார். முக்கூடலிலோ மதுரையிலோ சிங்கப்பூரிலோ இதைச் சொல்லாத ஆட்டக்காரர் அரியர். சொன்னதை வியப்பாகக் கருதும் தோழரும் இல்லை. உயிரின் இயல்பு ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று சித்தாந்தம் கூறும். எதனைச் சார்கிறதோ அதனுடைய தன்மையைத் தன் தன்மையாகவே கொண்டுவிடுவது என்பது இதன் பொருள். உயிர், அழியாத மெய்ப்பொருளாகிய சத்தும் அன்று, மாறி அழியும் அசத்தும் அன்று. இரண்டையும் அறிந்து இரண்டிலும் படியவல்ல சதசத்து என்பது சிவஞானபோதத்தின் ஏழாம் நூற்பா வழி நிறுவப்படும் முடிபு. இவ்வியல்பு குற்றமாக மட்டும் கருதப்படவில்லை என்பது கருதத்தக்கது. உடலைச் சார்ந்து உடலே தான் என மயங்கும் அதே இயல்பினால்தான், இறைவனைச் சார்ந்தபோது உயிர் அவன் தன்மையைப் பெறுதலும் கூடுகிறது. சாராமல் இருக்கும் ஆற்றல் உயிருக்கு இல்லை. எதைச் சார்வது என்பதே அதன் முன் உள்ள வினா.

அவ்வாறாயின், ஓர் உருவைத் தேர்தல் என்பது அவ்வுருவின் வண்ணத்தைத் தன்மேல் ஏற்க ஒருப்படுதலாகும். பல மாதங்கள் காப்பு வீரனாக ஆடியவர், எதிரி யாரை நோக்கித் திரும்புகிறான் என்பதையே கண் முதலில் தேடுமாறு பழகிவிடுகிறார். வெறியாட்டு வீரனாக ஆடியவரின் கண் எதிரியின் எஞ்சிய உயிரளவையே முதலில் தேடும். முக்கூடல் வட்டாரத்தில் மடியில் பீடித்தட்டை வைத்து ஆண்டுக்கணக்காக இலை சுருட்டிய பெண்களின் விரல்கள், மனம் வேறெங்கோ இருக்கும்போதும் அளவு தப்பாமல் சுருட்டுவதைக் கண்டவர்க்கு, பழக்கம் எவ்வாறு உடலாகவே ஆகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்விரல்களை அப்பெண்கள் எந்தப் பட்டியலிலிருந்தும் தேர்ந்தெடுக்கவில்லை. குடும்பத்தின் தேவையும் ஊரில் கிடைத்த வேலையும் அவற்றை உருவாக்கின. விளையாட்டின் தேர்வுரிமையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

மறந்தால் நேரும் கேடு இவ்வாற்றங்கரையின் இலக்கியத்திலேயே பதிவாகியுள்ளது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இன்றைய பேரூர் அன்று. கிழக்கே சீவலப்பேரியை ஒட்டிச் சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் இடத்தில் அழகர் கோயில் கொண்ட ஊர் அது. திருமாலை வழிபடும் முக்கூடற் பள்ளியும் சிவனை வழிபடும் மருதூர்ப் பள்ளியும் ஒருவர் தெய்வத்தை ஒருவர் ஏசிக்கொள்ளும் பகுதிகளை நகைச்சுவைக்காகவே படித்து நகர்வோர் பலர். பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் பகுதியில் நின்று எண்ணுவோர் சிலரே. மரத்தில் பூட்டப்பட்ட அக்கால்கள் எவருடைய தேர்வு? பழவினையின் பயனாகவே பிறவி அமைகிறது என்ற கொள்கையை, பிறர் காலைப் பூட்டுவதற்கான ஒப்புதலாகப் பயன்படுத்தியோர் இந்நாட்டில் பல நூற்றாண்டுகள் இருந்தனர். சாத்திரம் கற்றோரும் அவர்களுள் அடங்குவர். நியதி என்பது ஒருவர் வினைப்பயன் அவரையே சேருமாறு நிறுத்தும் தத்துவம் என்பதே நூற்கொள்கை. அதனைச் செலுத்தும் உரிமை பண்ணைக்காரனுக்கு வழங்கப்பட்டதாக எந்நூற்பாவும் சொல்லவில்லை. அவன் பூட்டியது அவனுடைய புதுவினை, அதன் பயன் அவனுக்கே உரியது என்பதுதான் அக்கொள்கையின் நேரிய முடிவாக இருக்க முடியும். யாவருக்கும் சமமான புள்ளிகளோடு ஆட்டத்தைத் தொடங்கும் விளையாட்டு, வரலாறு மறுத்த ஒரு நீதியைக் கற்பனையிலேனும் வழங்குகிறது; அதன் கவர்ச்சியின் ஒரு பகுதி அங்கிருந்து வருவது என்று கருத இடமுண்டு.

அணுக்கப் போர் கற்பனையாக இல்லாதிருந்த காலத்தின் தடமும் அருகிலேயே உள்ளது. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூர் முக்கூடலுக்கு மிக அண்மையது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறத்தை மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் நிறைத்துள்ளன. அவற்றுள் யானையும் குதிரையும் காலாளும் நெருங்கிக் கலந்த போர்க்காட்சிகள் உண்டு. விசயநகரப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் இடையே 1532 இல் நிகழ்ந்த தாமிரபரணிப் போரே அங்குத் தீட்டப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. அக்காலாட்களுக்குப் புள்ளிகளைப் பகிரும் வாய்ப்பு இருந்ததில்லை. பிறந்த உடலுக்கு ஏற்பவே படைக்கலம் அமைந்தது. தென்னாட்டுச் சிலம்பத்தில் நெடுங்கம்பு ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு வெட்டப்படுவதும் இந்நெறியே. அங்கே உடல் முதலில் நிற்கிறது, கம்பு அதற்கு இசைகிறது. கோடரி வேண்டும் என்று முடிவு செய்து, அதைத் தூக்கும் அளவுக்கு வலிமையைப் பின்னர்க் கூட்டிக்கொள்ளும் விளையாட்டின் முறை இதற்கு நேர்மாறானது. 1799 அக்டோபர் 16 இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, 1801 இல் பாளையங்களின் எழுச்சியும் ஒடுக்கப்பட்டு, கோட்டைகள் இடிக்கப்பட்டுப் படைக்கலங்கள் பறிக்கப்பட்ட பின், இவ்வட்டாரத்தில் வாளேந்துதல் என்பது வாழ்க்கைத் தொழிலாகத் தேர்வதற்குரியதாகவே இல்லாமற் போயிற்று.

பழந்தமிழ்ப் புறத்திணை மரபு இவற்றினும் வேறான ஒரு வழியைக் காட்டுகிறது. ஆநிரை கவர்வோன் வெட்சிப் பூவையும், கவரப்பட்டதை மீட்போன் கரந்தைப் பூவையும், மதிலை முற்றுகையிடுவோன் உழிஞையையும், மதிலைக் காப்போன் நொச்சியையும், களத்தில் எதிர்நின்று பொருவோன் தும்பையையும் சூடினான் என்று ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. தாக்குதல், மீட்டல், காத்தல் என்ற போர்ப்பணிகளின் பகுப்பு ‘வாரியர்’ வீரனின் கிளைகளை நினைவூட்டுவதே. ஆயினும் அங்கே அடையாளம் உடலில் பதிந்ததன்று, தலையில் சூடியது; இன்று வெட்சி சூடியவன் நாளை தன் ஊர் மதில் முற்றப்படும்போது நொச்சி சூடலாம். வேளைக்கு வேண்டியதை வேண்டியபடி ஏற்கும் வீரன் என்ற கருத்து, உருவையும் ஆளையும் ஒன்றெனப் பிணைக்கும் கருத்தினும் மேலானதாகப்படுகிறது. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர், சார்ந்ததிலிருந்து நீங்கவும் கற்கிறது என்பதற்கு அதுவே உலகியற் சான்று.

நீங்கும் வாய்ப்பை விளையாட்டுகளும் மெல்ல மெல்ல வழங்கின. இட்ட புள்ளிகளைத் திரும்பப் பெற்று வேறாக இடும் முறைக்கு ‘ரீஸ்பெக்’ என்று பெயர். டையாப்லோ 2 இல் 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரை அது இல்லை. பிழையாக இட்டவர் அப்பாத்திரத்தைக் கைவிட்டு முதற்படியிலிருந்து இன்னொன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. வார்கிராஃப்டில் தொடக்க முதலே அது கட்டணத்துக்குக் கிடைத்தது. முதன்முறைக்கு ஒரு பொற்காசு, பின்னர் ஒவ்வொரு முறையும் உயர்ந்து 50 பொற்காசு வரை. ஒரு முறை மாண்டால் பாத்திரம் என்றென்றைக்குமாக ஒழியும் ‘ஹார்ட்கோர்’ முறையையும் டையாப்லோ 2 விரும்பினோர்க்கு வைத்திருந்தது. அதை ஆடுவோர் மிகுசேதம் விளைக்கும் உருவை விடுத்துத் தாங்கும் உருவையே நாடினர். மீளமுடியாமை புகுந்தவுடன் மதிப்புகளின் வரிசையே மாறிவிடுகிறது. பிராரத்தத்தை எவரும் திருப்பி இட இயலாது, நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்ற சித்தாந்தம், நுகரும்போது புதிதாக ஈட்டப்படும் ஆகாமியத்தின்மீது முழுக் கவனத்தையும் வைத்ததற்கு இதுவே காரணம். வந்த உடல் மாறாது. அதைக் கொண்டு செய்வதில் விருப்பு வெறுப்பு எவ்வளவு கலக்கிறது என்பது மாறக்கூடியது. நல்வினைப்பயன், தீவினைப்பயன் இரண்டிலும் மனம் ஒப்ப நிற்கும் இருவினையொப்பு என்னும் நிலை, கருவிகளைக் கழற்றி எறிவதால் வருவதன்று. கருவிகளின் ஊடே செயற்பட்டுக்கொண்டிருக்கும்போதே வாய்ப்பது.

கேலிப்பொருளாகச் சிலர் எண்ணக்கூடிய வினா ஒன்றும் எஞ்சி நிற்கிறது: திரையில் நிகழும் போரில் வினை உண்டாகுமா? அடிபடும் பகைவன் உணர்வற்ற எண்களின் கோவை; அங்கே உயிர்க்கொலை இல்லை, அதனால் உடலால் செய்யும் வினையும் இல்லை. ஆனால் வினை மனம், மொழி, மெய் என்ற மூன்றாலும் ஈட்டப்படுவது என்பதில் தமிழ்நாட்டுச் சமயங்கள் பெரும்பாலும் ஒத்துநிற்கின்றன. வார்கிராஃப்டின் தொடக்கக் காலப் பெரும்போர்களில் நாற்பது பேர் வரை ஒரே குழுவாகத் திரண்டு ஓர் எதிரியை எதிர்த்தனர். அவர்களுள் காப்புக் கிளையைத் தேர்ந்த வீரனை ஆடுவோர் ‘டேங்க்’ என்பர். ‘டான்ட்’ என்னும் திறனால் எதிரியின் கவனத்தைத் தன்பால் இழுத்து, பிறர்மேல் விழவேண்டிய அடியைத் தான் ஏற்பது அவன் பணி. அவ்வுருவைத் தேர்ந்தவர் தனித்து ஆடும்போது எதிரியை வீழ்த்த நெடுநேரம் உழல்வார். சேதப் பட்டியலில் அவர் பெயர் கீழேயே கிடக்கும். இவையெல்லாம் புள்ளிகளை இடும்போதே அவருக்குத் தெரியும். அடி அவருக்கு வலிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் வேறு முப்பத்தொன்பது பேர் உயிர்த்திருப்பதற்காகத் தன் புள்ளிகளுள் 31 ஐக் காப்புக் கிளையில் இடுவது என்ற முடிவைப் பாத்திரம் எடுக்கவில்லை, ஆடுபவரே எடுத்தார். அம்முடிவில் நின்ற மனச்சாய்வு திரை அணைந்த பின் பாத்திரத்தோடு தங்கிவிடாமல் அவரோடே எழுந்து செல்வதால், சித்தாந்தத்தின் கணக்கில் அதனை ஆகாமியத்தின் பக்கத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.